திரையில் படம் ஏன் கெடுகிறது? கோளாறின் வடிவத்தை வைத்து இடத்தைப் பிடிப்பது எப்படி

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சாயங்காலம் நடந்தால் துணிக்கடைகளின் வாசலில் எல்இடி பலகைகள் ஓடிக்கொண்டிருக்கும். சிலதில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை இருட்டாக இருக்கும், சிலதில் எழுத்துக்குக் கீழே நிழல் தொங்கும். அந்தப் பக்கம் வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய சின்ன டிஎஃப்டி வண்ணத் திரையைப் புராஜெக்டில் மாட்டி, சிவப்பு கேட்டால் நீலம் வருகிறதே என்று திகைத்து நிற்கிறார்கள். அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: திரையை ஓட்ட யாரோ எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பான லைப்ரரியை மாற்றுவார்கள், கம்பியைப் பிடுங்கி மாட்டுவார்கள், கடைசியில் திரையே போச்சு என்று இன்னொன்று வாங்குவார்கள்.

பல சமயம் திரை நன்றாகத்தான் இருக்கிறது. படம் எப்படிக் கெட்டிருக்கிறது என்பதிலேயே தப்பு எங்கே என்ற விவரமும் இருக்கிறது. படம் சாய்ந்தால் ஒரு காரணம், கிழிந்தால் வேறு காரணம். எதையும் மாற்றுவதற்கு முன் அதைப் படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

## படம் கண்ணுக்கு வரும் வழி

ஒரு புள்ளி திரையில் ஒளிர்வதற்கு முன் நான்கு இடங்களைக் கடக்கிறது.

1. நினைவகம். புரோகிராம் முதலில் மைக்ரோகன்ட்ரோலரின், அதாவது அதை ஓட்டும் சின்னக் கணினிச் சிப்பின், ராமில் வரைகிறது. முழுத் திரைக்கும் சேர்த்து ஒதுக்கும் இடத்துக்கு ஃபிரேம் பஃபர் என்று பெயர். 240×320 திரையில் புள்ளிக்கு 2 பைட் என்றால் மொத்தம் 1,53,600 பைட் வேண்டும். ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் இருக்கும் ராமே 2,048 பைட்தான். அதனால் ஊனோ எதையும் சேர்த்து வைக்காமல் ஒவ்வொரு கோடாக நேரே திரைக்கு அனுப்புகிறது.

2. கம்பி. சின்னத் திரைகளில் பெரும்பாலும் எஸ்பிஐ இணைப்பு இருக்கும். கிளாக் ஒரு கம்பி, டேட்டா ஒரு கம்பி, எந்தச் சிப்புடன் பேசுகிறோம் என்று சொல்ல சிஎஸ், இப்போது போவது கட்டளையா படமா என்று சொல்ல டிசி.

3. திரைக்குப் பின்னால் இருக்கும் கன்ட்ரோலர் சிப். ஐஎல்ஐ9341, எஸ்டி7789 போன்றவை. இதற்குச் சொந்த நினைவகம் உண்டு. இந்தப் பத்தி (நெடுக்கு நிரல்) முதல் இந்தப் பத்தி வரை, இந்த வரிசை முதல் இந்த வரிசை வரை என்று முதலில் ஒரு கட்டத்தைச் சொல்ல வேண்டும். அப்புறம் நிறங்களைக் கொட்டினால் அந்தக் கட்டத்துக்குள் வரிசையாக நிரப்பிக்கொள்ளும்.

4. கண்ணாடி. சிப் தன் நினைவகத்தை ஓயாமல் வாசித்துக் கண்ணாடியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. ஐஎல்ஐ9341-இன் அமைப்பை மாற்றாமல் விட்டால் செகண்டுக்குச் சுமார் 70 முறை. நாம் எதுவும் அனுப்பாவிட்டாலும் இது நிற்காது.

## எந்த இடம் என்று பிரிக்க இரண்டு சோதனைகள்

முதல் சோதனை: படம் கெட்ட நொடியில் புரோகிராமை நிறுத்துங்கள். டீபக்கர் (புரோகிராமை நடுவில் நிறுத்திப் பார்க்கும் கருவி) இல்லையென்றால் வரைந்து முடித்த இடத்தில் ஒரு முடிவில்லாத லூப் போதும். அனுப்புவது நின்றாலும் சிப் தன் நினைவகத்தில் இருப்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும். கோளாறு அப்படியே உறைந்து நின்றால் தவறான படமே சிப்புக்குள் போயிருக்கிறது, ஆக தப்பு புரோகிராமிலோ கம்பியிலோ இருக்கிறது. எதுவும் அனுப்பாதபோதும் படம் நடுங்கினால் மின்சாரத்தையும் திரையையும் சந்தேகப்படலாம். நிறுத்தியதும் கோளாறு மறைந்துவிட்டால் அது நேரப் பிரச்சினை. எழுதுவதும் வாசிப்பதும் மோதிக்கொள்கின்றன.

இரண்டாவது சோதனை: எஸ்பிஐ வேகத்தை 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். குப்பைப் புள்ளிகள் போய்விட்டால் கம்பிதான் காரணம். ஐஎல்ஐ9341-இன் தரவுத்தாள் எழுதுவதற்கு உறுதி தருவது 10 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 40-இல் ஓட்டுபவர்கள் நிறைய பேர், அது ஓடவும் செய்கிறது, ஆனால் குட்டையான கம்பியில். ஒரு முழ நீளத்துக்கு ஜம்பர் வயரை இழுத்துவிட்டு 40 கேட்பது நியாயமில்லை. வேகத்தைக் குறைத்தும் எதுவும் மாறவில்லை என்றால் தப்பு புரோகிராமில். குறைத்த பிறகு இன்னும் மோசமானால், ஒரு வேலை முடிவதற்குள் புரோகிராம் அடுத்ததைத் தொடங்குகிறது. இந்த மூன்றாவது விடையைப் பலர் கவனிப்பதில்லை, ஆனால் மிகவும் உதவுவது அதுதான்.

## நிறம் மாறினால் பச்சையைப் பாருங்கள்

16 பிட் நிறத்தில் சிவப்புக்கு 5 பிட், பச்சைக்கு 6, நீலத்துக்கு 5. சுத்தச் சிவப்பு என்றால் 11111 000000 00000. இது இரண்டு பைட்டாகப் போகிறது. பெரும்பாலான மைக்ரோகன்ட்ரோலர்கள் ராமில் சின்ன பைட்டை (கீழ் 8 பிட்) முதலில் வைக்கும். திரைச் சிப்போ பெரிய பைட்டை (மேல் 8 பிட்) முதலில் எதிர்பார்க்கும். பஃபரை அப்படியே அனுப்பினால் இரண்டும் இடம் மாறி, சிவப்பு 00000 000111 11000 ஆகிவிடும். கொஞ்சம் பச்சை கலந்த நீலம்.

சிவப்பு நீலமாக வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடியில் நிறப் பட்டைகள் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் இருந்து, சிப்புக்கு அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சிவப்பை மட்டும் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். அதனால் திரை முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றையும் தனித்தனியே நிரப்பிப் பார்க்க வேண்டும்.

1. சிவப்பு நீலமாக, பச்சை சிவப்பாக, நீலம் பச்சையாக வந்தால் பைட் இடம் மாறியிருக்கிறது. அனுப்பும் இடத்தில் மாற்றிப் போட வேண்டும். திரையில் வரைய உதவும் எல்விஜிஎல் லைப்ரரியின் 8-ஆம் பதிப்பில் இதற்கென்றே கலர் 16 ஸ்வாப் என்ற அமைப்பு இருக்கிறது.

2. பச்சை பச்சையாகவே இருந்து, சிவப்பும் நீலமும் மட்டும் மாறினால் நிற வரிசை தப்பு. சிப்புக்கு அனுப்பும் ஹெக்ஸ் 36 (16 அடிமான எண்) கட்டளையில் உள்ள ஒரு பிட்டை மாற்றினால் சரியாகிவிடும்.

3. சிவப்பு வெளிர்நீலப் பச்சையாக, பச்சை மெஜந்தாவாக, நீலம் மஞ்சளாக, கறுப்பு வெள்ளையாக வந்தால் நிறம் தலைகீழாகியிருக்கிறது. எஸ்டி7789 வைத்த ஐபிஎஸ் வகைத் திரைகளில் இது சகஜம். ஹெக்ஸ் 21 கட்டளை அனுப்ப வேண்டும்.

கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் வைத்துச் சோதிப்பவர்களுக்கு முதல் இரண்டு கோளாறுகளும் கண்ணிலேயே படாது. எல்லா பிட்டும் 0 அல்லது எல்லாம் 1 என்றால் எப்படி மாற்றிப் போட்டாலும் அதேதான்.

## படம் சாய்ந்தால்

100 புள்ளி அகலமுள்ள ஒரு ஐகானை 20-ஆவது பத்தியில் வைக்கிறோம். கட்டத்தின் கடைசிப் பத்தி 119. சிப் கேட்பது கடைசிப் பத்தியின் எண்ணை, அகலத்தை அல்ல. யாராவது 20-உடன் 100-ஐக் கூட்டி 120 என்று கொடுத்துவிட்டால் கட்டத்தின் அகலம் 101. ஒவ்வொரு வரிசையிலும் மிஞ்சும் அந்த ஓர் இடத்தில் அடுத்த வரிசையின் முதல் புள்ளி போய் உட்காரும். நேர்க்கோடாக இருக்க வேண்டியது கீழே போகப் போக இடது பக்கம் சாயும். கட்டம் ஒரு புள்ளி குறைவாக இருந்தால் வலது பக்கம் சாயும். சாய்வின் திசையே கூட்டலா கழித்தலா என்று சொல்லிவிடுகிறது. ஒரு வரிசைக்கு எத்தனை புள்ளி சாய்கிறது என்று எண்ணினால் தப்பின் அளவும் கிடைத்துவிடும்.

ஓரத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாகக் குப்பை தெரிந்தால் அது வேறு கதை. சிப்பின் நினைவகம் கண்ணாடியைவிடப் பெரியதாக இருக்கலாம். எஸ்ஹெச்1106 ஓஎல்இடி சிப்பில் 132 பத்திகள், கண்ணாடியில் 128. அதை எஸ்எஸ்டி1306 என்ற வேறு சிப் என்று நினைத்து ஓட்டினால் படம் இரண்டு பத்தி நகர்ந்து, வலது ஓரத்தில் இரண்டு பத்திகள் யாரும் எழுதாத குப்பையாக நிற்கும். 240×240 எஸ்டி7789 திரையைத் திருப்பி வைத்தால் 80 புள்ளி நகர்வதும் இதே காரணத்தால்தான், உள்ளே இருப்பது 240×320 நினைவகம்.

## 100 போய் 99 வந்தால்

எடை காட்டும் ஒரு திரையை எடுத்துக்கொள்வோம். 100 என்று காட்டியது. எடை குறைந்து 99 வருகிறது. புரோகிராம் 9, 9 என்று இரண்டு இலக்கங்களை எழுதிவிட்டுப் போய்விடுகிறது. மூன்றாவது இடத்தில் இருந்த பழைய 0 அப்படியே நிற்கிறது. திரையில் 990. மீனோ இரும்போ, காசு கைமாறும் இடத்தில் இதை வெறும் வரைதல் கோளாறு என்று விட முடியாது. திரையில் தெரியும் கோளாறுகளில் இதைத்தான் முதலில் திருத்தச் சொல்வேன், ஏனென்றால் மற்றவை பார்த்தவுடன் கோளாறு என்று தெரியும். இது சரியான எண் மாதிரியே தெரியும்.

தீர்வு எளிது. எப்போதும் நிலையான அகலத்தில், வலது ஓரம் ஒட்டி, பின்னணி நிறத்தையும் சேர்த்து எழுத வேண்டும். முழுத் திரையையும் அழித்துவிட்டு மறுபடி எழுதுவது தீர்வல்ல. அது அடுத்த கோளாறைக் கொண்டுவரும்.

## மினுக்கலும் கிழிசலும்

அழித்துவிட்டு எழுதினால், அழிந்த நிலையும் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதுதான் மினுக்கல். எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடலாம். முழுத் திரை 12,28,800 பிட். ஊனோவின் அதிகபட்ச எஸ்பிஐ வேகம் 8 மெகாஹெர்ட்ஸ், ஆக ஒரு முறை நிரப்பவே குறைந்தது 154 மில்லிசெகண்ட். கண்ணுக்கு அது நன்றாகவே தெரியும். மாறிய பகுதியை மட்டும் ராமில் வரைந்து ஒரே மூச்சில் அனுப்பினால் மினுக்கல் போய்விடும்.

மினுக்கல் போனபிறகும் மிஞ்சுவது கிழிசல். நகரும் படத்தில் மேல்பாதி புதியதாகவும் கீழ்பாதி பழையதாகவும் இருக்கும். கரும்பலகையில் ஒருவர் பழைய பாடத்தின் மேல் புதிய பாடத்தை எழுதிக்கொண்டே வர, இன்னொருவர் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தால், படிப்பவர் எழுதுபவரைத் தாண்டும் இடத்தில் பாடம் மாறிவிடும் அல்லவா, அதுதான் நடக்கிறது. 40 மெகாஹெர்ட்ஸில் முழுத் திரையை அனுப்ப சுமார் 30.7 மில்லிசெகண்ட் ஆகிறது. செகண்டுக்கு 70 முறை என்றால் சிப் ஒரு முறை வாசிக்க 14.3 மில்லிசெகண்ட்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. வாசிப்பு தொடங்கியதும் அதன் பின்னாலேயே எழுதத் தொடங்கினால், அது ஒரு சுற்று முடித்து இரண்டாவது சுற்றில் நம்மைப் பிடிப்பதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். ஆக நமக்கு இரண்டு சுற்றின் நேரம், 28.6 மில்லிசெகண்ட், கிடைக்கிறது. முழுத் திரைக்கு அது மயிரிழையில் போதவில்லை, கிழிசல் அடிப்பக்கம் ஒதுங்கும். 240×100 பகுதியை மட்டும் அனுப்பினால் 9.6 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். வாசிப்பு எப்போது தொடங்குகிறது என்று சொல்ல சிப்பில் டிஇ என்ற கால் (பின்) இருக்கிறது. மலிவான மாட்யூல்கள் பலவற்றில் அதை வெளியே கொண்டுவருவதில்லை. வாங்கும்போதே பார்த்து வாங்குவது நல்லது.

கிழிசல் குறுக்காக இல்லாமல் மூலைவாட்டில் வந்தால் குழம்ப வேண்டாம். திரையைப் படுக்கை வாட்டில் திருப்பும்போது நாம் எழுதும் திசைதான் மாறுகிறது. கண்ணாடி தன் பழைய திசையிலேயே வாசிக்கிறது. இரண்டும் செங்குத்தாகச் சந்திப்பதால் கிழிசல் சாய்வாகத் தெரிகிறது. இதை எழுதும் நேரத்தை மட்டும் சரிசெய்து போக்க முடியாது. ராமில் படத்தைத் திருப்பிவிட்டு, கண்ணாடியின் திசையிலேயே அனுப்ப வேண்டும். கண்ணால் பிடிக்க முடியாவிட்டால் போனின் ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள்.

## வந்து வந்து போகும் குப்பை

டிஎம்ஏ என்பது, புராசஸர் வேறு வேலை பார்க்கும்போது பஃபரைத் தானாகவே கம்பிக்கு அனுப்பும் வசதி. வேகத்துக்கு அவசியம், ஆனால் தொந்தரவும் இங்கேதான்.

1. பட்டை பட்டையாக, ஒரு பட்டையின் கீழ்ப்பகுதியில் அடுத்த பட்டையின் படம் தெரிந்தால், அனுப்பி முடிவதற்குள் பஃபரில் புதிதாக வரைந்துவிட்டார்கள். எல்விஜிஎல்லில் முடிந்தது என்று சொல்லும் ஃபிளஷ் ரெடி அழைப்பை டிஎம்ஏ முடிந்த இன்டரப்டில் (புராசஸரைக் கூப்பிடும் அறிவிப்பு) வைக்க வேண்டும், தொடங்கிய இடத்தில் அல்ல.

2. படம் திடீரென்று வேறு இடத்தில் போய் விழுந்தால் டிசி கம்பியைப் பாருங்கள். கடைசி பைட் கம்பியில் போய்க்கொண்டிருக்கும்போதே டிசி மாறினால், சிப் கட்டளையைப் படமாகவும் படத்தைக் கட்டளையாகவும் எடுத்துக்கொள்ளும். எஸ்டிஎம்32 வகை மைக்ரோகன்ட்ரோலரில் அனுப்பும் பஃபர் காலியானது என்ற கொடி (நிலை காட்டும் பிட்) வந்தால் மட்டும் போதாது. பிஸி கொடியும் இறங்க வேண்டும்.

3. பழைய படத்தின் துண்டுகள் சின்னச் சின்னக் கிடைக்கோடுகளாக, ஒவ்வொன்றும் 16 புள்ளி நீளத்தில் நின்றால், அது கேஷ், அதாவது புராசஸர் பக்கத்திலேயே வைத்திருக்கும் சின்ன வேக நினைவகம். கார்டெக்ஸ்-எம்7 புராசஸரில் கேஷ் வரி 32 பைட், அதாவது 16 புள்ளிகள். வரைந்தது கேஷிலேயே தங்கிவிட, டிஎம்ஏ ராமில் இருந்த பழையதை எடுத்துப் போயிருக்கிறது. அனுப்புவதற்கு முன் கேஷை ராமுக்கு எழுதிவிட வேண்டும்.

4. எப்போதும் ஒரே இடத்தில் நாலைந்து புள்ளிகள் நிறம் மாறிக்கொண்டே இருந்தால், புரோகிராமின் வேறு ஏதோ ஒரு மாறி (வேரியபிள்) ஃபிரேம் பஃபருக்குள் நுழைந்து எழுதுகிறது. ஸ்டாக் (புரோகிராம் தற்காலிகமாகப் பயன்படுத்தும் ராம் பகுதி) நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள்.

காசிமேடு, எண்ணூர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உப்புக்காற்றில் கனெக்டர் பூத்துப்போகும். காலையில் வேலை செய்த திரை மதியம் வெறும் வெள்ளையாக நிற்கும், தட்டினால் வரும். சாதாரண டிஎன் வகைத் திரைக்குக் கட்டளை போய்ச் சேராவிட்டால், பின்விளக்கு மட்டும் எரிந்து வெள்ளையாகத்தான் தெரியும். அங்கே ஜம்பர் வயரை விட்டுவிட்டு சால்டர் பண்ணி, மேலே பாதுகாப்புப் பூச்சு அடிப்பதுதான் வழி.

## எல்இடி பலகை

கடைகளில் தொங்கும் பலகைகளில் பெரும்பாலானவை பி10 வகை, ஒரு மாட்யூலில் 32×16 விளக்குகள். இதற்குப் படத்தை வைத்துக்கொள்ளும் நினைவகம் கிடையாது. 16 வரிசைகளையும் நான்கு நான்காகப் பிரித்து, ஒரு தொகுதியை ஏற்றி அணைத்து அடுத்ததை ஏற்றி, நான்கு தவணையில் காட்டுகிறார்கள். பஸ் நெற்றிப் பலகையைப் போனில் படம் எடுத்தால் பாதி எழுத்து காணாமல் போவது இதனால்தான். போனின் ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் சில வரிசைகள் அணைந்திருந்தன. கண்ணுக்கு முழுதாகத் தெரிந்தால் பலகையில் கோளாறில்லை.

கண்ணுக்கே வரிசை விட்டு வரிசை இருட்டாக இருந்து, எரிகிற வரிசைகளில் எழுத்து கலங்கினால், வரிசையைத் தேர்ந்தெடுக்கும் ஏ கம்பி அறுந்திருக்கலாம். எழுத்துக்குக் கீழே மங்கலான நிழல் இருந்தால், விளக்கை அணைக்காமல் வரிசையை மாற்றுகிறார்கள். கடைசி மாட்யூல்கள் மட்டும் மங்கினால் 5 வோல்ட் அங்கே போய்ச் சேரவில்லை. மறுமுனையிலிருந்தும் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

## தமிழ் எழுத்து உடைவது

இது மட்டும் மேலே சொன்ன எந்தச் சோதனையிலும் சிக்காது. கம்பி சரி, நிறம் சரி, ஆனால் எழுத்து உடைகிறது. கொருக்குப்பேட்டை என்ற ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடில் 16 குறியீடு. அந்தக் குறியீடுகளைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 48 பைட்.

இந்த மூன்று எண்களும் ஒவ்வொரு விதமாக எழுத்தை உடைக்கும். பைட்டுக்கு ஓர் எழுத்து என்று நினைக்கும் பழைய லைப்ரரி 48 குப்பைக் குறிகளைக் காட்டும். பெயருக்கு 32 பைட் இடம் ஒதுக்கினால், முடிவுக்குறி போக 31 பைட். பத்துக் குறியீடு போய், பதினொன்றாவதின் முதல் பைட் மட்டும் உள்ளே வரும். திரையில் கொருக்குப் என்று வந்து பக்கத்தில் ஒரு கட்டம் நிற்கும். யூனிகோட் தெரிந்த லைப்ரரியும் குறியீடுகளை வந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தால், ககரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் விழும், பே உடையும், டை உடையும், ரு, கு இரண்டும் ஒட்டாமல் நிற்கும்.

லினக்ஸ் ஓடும் போர்டு என்றால் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துவடிவ இயந்திரம் இதைப் பார்த்துக்கொள்ளும். சின்னச் சிப்புக்கு இரண்டு வழிகள். பெயர்கள் மாறாதவை என்றால், ஸ்டேஷன் பெயர், கடைப் பெயர் போல, கம்ப்யூட்டரிலேயே படமாக்கி உள்ளே வைத்துவிடலாம். மாறும் என்றால் ஒரு சின்ன மாற்றுப் பட்டியல் எழுத வேண்டும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி மூன்றையும் மெய்க்கு முன்னால் நகர்த்துவது, ஒகர ஓகார ஔகாரக் குறிகளை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைப்பது, உகர ஊகார வரிசையின் 36 வடிவங்களையும் டி, டீ இரண்டையும் தனி எழுத்தாக வைத்துக்கொள்வது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்ற டேஸ்16 குறியீட்டில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் உண்டு. இடம் மாற்றும் வேலையே இல்லாததால், வடிவ இயந்திரம் வைக்க இடமில்லாத சிப்புக்கு அந்த முறை நன்றாகவே பொருந்துகிறது.

எழுதி முடித்தபின் அம்மா, படம் என்று சோதித்தால் எல்லாம் சரியாக வந்துவிடும், ஒன்றும் தெரியவராது. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கௌரி, ஸ்ரீ இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடவிட்டு, 16 வரிசைப் பலகையில் கு, ரு ஆகியவற்றின் கீழ்வளைவு வெட்டுப்படுகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.